தகரமும் தகராறும்

(முப்பத்துநாலு வருஷம் டை ஷாப்பில், அதாவது கார்த் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகளைச் செய்கிற இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கார் டிசைன் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: ஐயா, விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கூபே (இரண்டு கதவு கார்) வரப்போகிறது என்று ஒரு படம் வெளியானால் போதும், "மூஞ்சி சரியில்லை, பின்பக்கம் சரியில்லை" என்று ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். எங்கள் ஹாஸ்டலில் டொயோட்டா 86 பற்றி நேற்று ராத்திரி பெரிய சண்டை. 2009 கண்காட்சியில் வைத்த மாதிரிக் காரின் அழகை விற்பனைக்கு வந்த வண்டியில் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. "படத்தைப் பார்த்து ஏமாந்தவன் நீ" என்கிறார் சீனியர். தீர்ப்பு சொல்லுங்கள்.
— பொறியியல் மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, சீனியருக்கு முக்கால், உங்களுக்குக் கால். அந்தக் கால் எதற்கு என்பதை அடுத்த கேள்வியில் வைத்திருக்கிறேன்.

2008 ஏப்ரலில் டொயோட்டாவும், சுபாரு கார்களைச் செய்துவந்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸும் சேர்ந்து ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்போவதாக அறிவித்தார்கள். 2009 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் எஃப்டி-86 என்ற சிவப்பு மாதிரி மேடை ஏறியது. 2011 மார்ச்சில் ஜெனீவாவில் எஃப்டி-86 டூ. ஏப்ரலில் நியூயார்க்கில் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் இன்னொன்று (சயான் என்பது அப்போது டொயோட்டாவின் அமெரிக்கப் பிராண்டு). அந்த நவம்பர் கடைசியில்தான் அசல் வண்டி வெளியே வந்தது. ஆக, ரசிகன் இரண்டு வருஷம் போட்டோவோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான். தரகர் கொடுத்த மாப்பிள்ளை போட்டோவை இரண்டு வருஷம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தவளுக்கு, நேரில் வந்தவரின் காது கொஞ்சம் பெரிசாகத்தான் தெரியும்.

புகார்கள் என்னென்ன? கூரை உயர்ந்துவிட்டது. விளக்கு பெரிதாகிவிட்டது. சக்கரம் சின்னதாகி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு எடுக்கலாம் போல இருக்கிறது. மடிப்புகள் எல்லாம் மழுங்கிவிட்டன. நான்கும் உண்மைதான். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் கூரை. 2009 மாதிரியின் உயரம் 1260 மில்லிமீட்டர். விற்பனை வண்டி, ஆன்டெனாவையும் சேர்த்து 1300. நீளம் 4160இலிருந்து 4240 ஆனது. இரண்டு சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம் மட்டும் அப்படியே 2570. அதாவது எலும்பில் கை வைக்கவில்லை, சதை கொஞ்சம் போட்டிருக்கிறது. கண்காட்சி வண்டிக்குள் யாரும் உட்கார்ந்து ஊர் போகப்போவதில்லை. விற்பனை வண்டிக்குள் ஆறடி ஆள், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பின்சீட்டை மடக்கினால் நான்கு டயரை உள்ளே அடுக்கிக்கொண்டு பந்தயத்திடலுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலு டயர் அடங்க வேண்டும் என்றால் டிக்கிக்கு வயிறு வேண்டாமா?

அந்தக் கூரையிலேயே ஒரு வேலை செய்திருக்கிறார்கள், அதை யாரும் பாராட்டக் காணோம். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு மேடு, பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேலே ஒரு மேடு, நடுவில் பள்ளம். தலை இருக்கிற இடத்தில் மட்டும் உயரம், மற்ற இடத்தில் மிச்சம். பகோடா கூரை என்று பெயர். காற்றுக்காக என்பார்கள். எனக்கு வேறு சந்தோஷம். தட்டையான பெரிய கூரைத் தகடு பிரஸ்ஸிலிருந்து வரும்போது தொளதொளவென்று இருக்கும், நடுவில் அமுக்கினால் டப்பென்று உள்ளே போய் டப்பென்று வெளியே வரும். இப்படி இரண்டு மேடு ஒரு பள்ளம் கொடுத்தால் தகடு தானாக விறைத்து நிற்கும். குழிந்த பாயசத் தட்டும் தட்டையான தகரத் தட்டியும் ஒன்றா?

அடுத்து விளக்கு. மாதிரி வண்டியின் விளக்கு மேடையில் பளிச்சென்று தெரிந்தால் போதும். சாலைக்கு வரும் வண்டியின் தாழ்ஒளி விளக்கு, அமெரிக்கச் சட்டப்படி தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் 500 மில்லிமீட்டர். மூக்கு தாழ்ந்த வண்டியில் இந்த உயரத்துக்கு விளக்கை ஏற்றினால் அது பானட்டின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டு, பக்கவாட்டில் மட்கார்டுக்குள் நீண்டு, கண் விரிந்த மாதிரி ஆகிவிடும். முன் பம்பருக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் 16இலிருந்து 20 அங்குல உயரத்துக்குள் இடி தாங்க வேண்டும். அந்த இடத்தில் உள்ளே ஒரு குறுக்குச்சட்டம் கட்டாயம். காகிதத்தில் வரைந்த கூர்மூக்கு அங்கே போய் முட்டி நிற்கும்.

இதற்கு மேல் நடந்து போகிறவரின் தலை. பானட்டில் தலை வந்து மோதினால், தகட்டுக்கும் கீழே உள்ள இரும்புக்கும் இடையே இடைவெளி வேண்டும் என்று ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 2005 முதல் சட்டம். நிமிர்ந்து நிற்கிற இன்ஜின் உள்ள வண்டியில் இதற்காகப் பானட்டைத் தூக்கியே தீர வேண்டும். இங்கே சுபாருவின் படுத்துக் கிடக்கிற பாக்ஸர் இன்ஜின் கைகொடுத்தது. 1998 சிசி, சிலிண்டர் விட்டமும் 86, பிஸ்டன் ஓட்டமும் 86 மில்லிமீட்டர். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் காலை நீட்டிப் படுத்திருப்பதால் மேலே இடம் கிடைத்தது. அது இல்லாமல் போயிருந்தால் உங்கள் ஹாஸ்டல் சண்டை இன்னும் பெரிதாகியிருக்கும்.

சக்கரம். 17 அங்குலம், 215/45 டயர், மிஷலின் பிரைமஸி. பெட்ரோல் மிச்சத்துக்குப் பேர்போன டொயோட்டா பிரியஸுக்குப் போடுகிற அதே டயர் என்று அன்றைக்கு ஊரே கேலி செய்தது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா வேண்டுமென்றுதான் அதைப் போட்டார். பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கும், ஓட்டுகிறவன் கற்றுக்கொள்வான். அழகுக்கு 19 போட்டிருந்தால் மட்கார்டு நிறைந்திருக்கும், பில்லும் நிறைந்திருக்கும்.

கடைசியாக மடிப்பு. இது என் பேட்டை, கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சி மாதிரி கையால் செய்யப்படுவது. எவ்வளவு கூர்மையான மடிப்பு வேண்டுமானாலும் வரும், தேய்த்துக்கொண்டே இருந்தால் சரி. விற்பனை வண்டியின் மட்கார்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே கனம் உள்ள தகடு. அதை ஒரே அடியில் டைக்குள் இழுக்க வேண்டும். பிறகு ஓரம் வெட்ட ஒரு டை, விளிம்பு மடிக்க ஒன்று, திரும்ப அடித்து நேராக்க ஒன்று என்று ஒரு மட்கார்டுக்கு நாலைந்து டை. மடிப்பின் மூக்கு ரொம்பக் கூர்மையானால் தகடு அங்கே நீள முடியாமல் கிழியும். கிழியக் கூடாதென்று தளர்த்தினால் பக்கத்தில் சுருக்கம் விழும். கிழிசலுக்கும் சுருக்கத்துக்கும் நடுவே உள்ள ஒரு மயிரிழையில்தான் எங்கள் பிழைப்பு.

தொண்ணூறுகளில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். மட்கார்டில் ஆரம்பித்துக் கதவு வரை ஓடும் ஒரு கோடு. டிசைன் ஆபீஸிலிருந்து வந்த இளைஞர் மடிப்பின் வளைவுக்கு இரண்டு மில்லிமீட்டர் ஆரம் கேட்டார். முதல் அடியிலேயே சக்கர வளைவுக்கு மேலே விரல் நீளத்துக்குக் கிழிந்தது. டையில் நீல மை தடவி எங்கே முட்டுகிறது என்று பார்ப்போம், கல் வைத்துத் தேய்ப்போம், திரும்ப அடிப்போம். பதினொரு தடவை. பதினொன்றும் கிழிசல். கடைசியில் ஆறு மில்லிமீட்டர் ஆக்கினோம், ஒழுங்காக வந்தது. அந்த இளைஞர் பிரஸ் பக்கத்தில் வந்து நின்று, டியூப்லைட் வெளிச்சத்தில் எண்ணெய் தடவின தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒரு தடவை தடவினார். ஒன்றும் பேசவில்லை. கேண்டீனுக்கும் வரவில்லை. வண்டி வந்தபோது "முதிர்ச்சியான தோற்றம்" என்று பத்திரிகைகள் எழுதின. அந்த முதிர்ச்சி நாங்கள் கொடுத்த நாலு மில்லிமீட்டர்.

டை இன்னும் மெனக்கெட்டுச் செய்யலாம், அடி இன்னும் ஒன்று கூட்டலாம், விலை உயர்ந்த தகடு போடலாம். விலை ஏறும். சயான் எஃப்ஆர்-எஸ் அமெரிக்காவில் 24,200 டாலருக்கு வந்தது. அந்தத் தொகையை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் பென்சிலைக் கையில் எடுத்திருப்பார்கள். ஜப்பானில் மாதம் 1000 வண்டி போனால் போதும் என்று நினைத்தார்கள், முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 7000 பேர் பதிவு செய்தார்கள். திட்டினவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றார்களோ!

கேள்வி: சுபாரு பிஆர்இசட், டொயோட்டா 86 இரண்டும் ஒரே வண்டி என்கிறார்கள். ஆனால் பிஆர்இசட் சிரிக்கிறது, 86 முறைக்கிறது என்று என் நண்பர்கள் பிரிந்து நிற்கிறார்கள். உங்களுக்கு எது பிடிக்கும்?
— வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஒரே வண்டிதான். இரண்டையும் ஜப்பானில் குன்மா மாநிலத்தில் உள்ள சுபாரு ஆலையில்தான் செய்தார்கள். சிரிப்பும் முறைப்பும் பிளாஸ்டிக் பம்பரில் இருக்கிறது. கூரை, கதவு, பின் மட்கார்டு போன்ற தகடு எல்லாம் பொது. பிளாஸ்டிக் மோல்டு மாற்றுவது தகட்டு டை மாற்றுவதைவிடச் சல்லிசு. அதனால் அண்ணன் தம்பிக்குச் சட்டை ஒன்று, மீசை வேறு. பிஆர்இசட்டின் கீழ்வாய் மேலே அகலம், கீழே குறுகல். 86க்கு மேலே குறுகல், கீழே அகலம். அவ்வளவுதான், ஒன்றை உதடு விரித்ததாகவும் மற்றதை உதடு பிதுக்கியதாகவும் கண் படித்துக்கொள்கிறது. இரண்டாம் தலைமுறையிலும் (பிஆர்இசட் 2020 நவம்பர், ஜிஆர் 86 அடுத்த ஏப்ரல்) இதே நாடகத்தைத் தொடர்ந்தார்கள். அப்போது பின்விளக்கைப் பார்த்து "இது ஹோண்டா மாதிரி இல்லையா" என்று வேறு கிளம்பினார்கள்.

உங்கள் ஊரில்தான் நான் முதல் தலைமுறை 86ஐத் தொட்டுப் பார்த்தேன். மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பிளாக்குக்குப் பக்கத்து மாடிக் கார் பார்க்கில், மூன்றாவது தளத்தில், ஒரு வெள்ளை 86. காலை ஆறரை மணி, நடைக்குப் போகிறவன் நின்றுவிட்டேன். கார் பார்க் டியூப்லைட்டைப் போலத் தகட்டின் குட்டை வெளிக்கொண்டுவரும் விளக்கு வேறில்லை. விளக்கின் பிம்பம் முன் மட்கார்டில் நேராக ஓடி, கதவில் கொஞ்சம் தாழ்ந்து, பின் சக்கரத்துக்கு மேலே பானை வயிறு மாதிரி புடைத்து எழுந்து, பின்விளக்கில் போய் அடங்கியது. எங்கேயும் நெளியவில்லை. படத்தில் பார்த்தபோது எனக்கும் இந்த வண்டி சாதாரணமாகத்தான் தெரிந்தது. படம் ஒரே இடத்தில் நிற்கும். பிம்பம் நாம் நடந்தால்தான் நடக்கும். பக்கவாட்டுக் கண்ணாடியின் வெட்டு 1967இன் டொயோட்டா 2000ஜிடியிலிருந்து வந்தது என்பார்கள். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நாலடி பின்னால் போனேன், உண்மைதான்.

பிறகு கெட்ட வேலை ஒன்று செய்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கு முன்னால், காற்று வெளியேறும் துவாரம் போல ஒன்று இருக்கிறது, அதில் 86 என்ற முத்திரை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நகம் வரை போனது, பிளாஸ்டிக்கில் இடித்தது. பொய்த் துவாரம்! இதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை, எந்த டையும் காரணமில்லை. ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்ன கால் பங்கு இதுதான். இந்த ஒரு விஷயத்தில் ரசிகன் திட்டியது நூற்றுக்கு நூறு நியாயம். இரண்டாம் தலைமுறையில் அதே இடத்தில் நிஜமாகவே காற்று வெளியேறும்படி செய்துவிட்டார்கள். திட்டு வாங்கினதன் பலன் என்று வைத்துக்கொள்ளலாமா, தெரியாது. நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விரலை எடுப்பதற்குள் வண்டிக்காரப் பையன் வந்துவிட்டான். "அங்கிள், வாட்ஸ் ராங்?" என்றான். "ஒன்றுமில்லை தம்பி, ஓட்டை உண்மையா என்று பார்த்தேன்" என்றேன். தமிழ்ப் பையன்தான். "இல்லை அங்கிள், வாங்கின அன்றைக்கே நானும் விரலை விட்டுப் பார்த்தேன்" என்றான்.

எது பிடிக்கும் என்று கேட்டீர்கள். முறைக்கிறதுதான். சிரிக்கிற வண்டியை எப்போதும் நம்புவதில்லை.

கேள்வி: என் மகன் அலமாரிக் கதவில் ஒரு பழைய காரின் படம் ஒட்டியிருக்கிறான். கறுப்பு வெள்ளை, விளக்கு மேலே எழும்பி நிற்கிறது. "இதுதாம்மா ஒரிஜினல் 86, புதுசுலயும் இந்த லைட்டு வெச்சிருக்கணும்" என்கிறான். அது ஏன் இப்போது எந்தக் காரிலும் இல்லை?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, பையன் கையில் இருப்பது 1983இல் வந்த டொயோட்டா ஸ்பிரின்டர் ட்ரூனோ. ஏஇ86 என்பது அதன் உள்குறியீடு. ஏ என்றால் இன்ஜின் வகை, ஈ என்றால் கொரோலா, 8 அந்தத் தலைமுறை, 6 அதில் இந்த ரகம். அப்பா ஆபீஸுக்குப் போகிற கொரோலாவின் உறவுக்காரன். மற்ற கொரோலாக்கள் முன்சக்கர இழுவைக்கு மாறியபோது இது மட்டும் பின்சக்கரத்திலேயே தள்ளிக்கொண்டு நின்றது. 1.6 லிட்டர் இன்ஜின், எடை குறைவு, விலை குறைவு. மலைப்பாதையில் வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டுவதில் பேர்போன கெய்ச்சி சுச்சியா இதைத்தான் ஓட்டினார். பிறகு ஒரு மங்கா கதையில் (ஜப்பானியப் படக்கதை) இதை ஓட்டுகிற ஹீரோ, டோஃபு என்கிற சோயாக்கட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன். அலமாரிக்கு வந்து சேர்ந்த வழி அநேகமாக அதுவாக இருக்கும்.

இதன் உடன்பிறப்பு லெவினுக்கு விளக்கு எழும்பாது, சாதாரண நிலையான விளக்குதான். பையனிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும்.

மேலே எழும்பும் விளக்கு வந்ததே ஒரு குறுக்குவழியாகத்தான். 22 அங்குலச் சட்டம் சொன்னேன் அல்லவா? மூக்கு 20 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்றால், பகலில் விளக்கை மடக்கி வை, ராத்திரி எழுப்பு. இன்னொன்று, அமெரிக்காவில் 1983 வரை எல்லாக் கார்களுக்கும் சட்டம் வகுத்த அளவுகளில் வட்டமோ செவ்வகமோ ஆன சீல்டு பீம் விளக்குதான் (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடி அடைத்தது) போட வேண்டும். அத்தனை அசிங்கமான ஒன்றை ஒளித்து வைக்க ஆசை வராதா? பிறகு எந்த வடிவத்திலும் விளக்கு செய்யலாம் என்றானது, சின்ன லென்ஸ் வந்தது, பாதசாரிப் பாதுகாப்பு வந்தது. வீணாக ஒரு மோட்டார், கீல், எடை. 2004இல் ஐந்தாம் தலைமுறை கார்வெட், லோட்டஸ் எஸ்பிரிட் ஆகிய கார்களின் உற்பத்தி நின்றபோது அந்தக் கதை முடிந்தது.

எனக்கும் வருத்தம்தான். கண்ணைத் திறந்து பார்க்கிற வண்டி அது ஒன்றுதான்.

கேள்வி: பெயின்ட் அடிக்காத பம்பரோடு புது 86ஐ விற்றார்கள் என்று எங்கள் ஷெட்டுக்கு வந்த ஒரு கஸ்டமர் சொன்னார். கதைதானே?
— டிங்கரிங் கடைக்காரர், மதுரை

பதில்: கதை இல்லை அண்ணே. ஜப்பானில் 2012இல் ஆர்சி என்ற ரகம். விலை 19 லட்சத்து 90 ஆயிரம் யென். கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர் அப்படியே, இரும்பு வீல், ஏசி கிடையாது. நல்ல ரகம் 27 லட்சத்து 90 ஆயிரம். எட்டு லட்சம் யென் வித்தியாசத்தில் நீங்களே பம்பர் மாற்றிக்கொள்ளுங்கள், வீல் போட்டுக்கொள்ளுங்கள், பந்தயத்துக்கு எடுத்துப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். எப்படியும் முதல் வாரத்தில் கழற்றித் தூக்கிப் போடப்போகிற பாகத்துக்குக் கம்பெனி எதற்கு பெயின்ட் அடிக்க வேண்டும்?

டிசைனைத் திட்டுகிறவனுக்கு இதைவிட நாகரிகமான பதிலை நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் மாதிரி ஷெட்காரருக்குப் பொன்னான காலம். ஒரு சந்தேகம், உங்களிடம் வந்தால் அந்தப் பம்பருக்கு எத்தனை கோட் அடிப்பீர்கள்? பிளாஸ்டிக்குக்குப் பிரைமர் தனி என்பதை மறக்காமல் சொல்லுங்கள், நம் பையன்கள் பலபேர் தகட்டுப் பிரைமரையே அடித்துவிட்டு ஆறு மாதத்தில் உரிந்தால் கஸ்டமரைத் திட்டுகிறார்கள்.

கேள்வி: 86 இந்தியாவுக்கு வருமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: அதிகாரபூர்வமாக இதுவரை வரவில்லை. இரண்டு கதவு, உட்கார முடியாத பின்சீட்டு, அதற்கு மேல் இறக்குமதி வரி. வந்தாலும் "விலை குறைந்த கூபே"வில் கூபே மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: ஹோண்டா பிரில்யூட் பிரியஸ் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்களே, உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா?
— கல்லூரி விரிவுரையாளர், நாகர்கோவில்

பதில்: தோன்றுகிறது. 2023 அக்டோபரில் டோக்கியோவில் மாதிரியைக் காட்டியபோதே அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. தாழ்ந்த மூக்கு, அதிலிருந்து ஒரே வீச்சில் எழும் முன்கண்ணாடி, நீண்டு சரியும் கூரை. பிரியஸும் 2022 கடைசியிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. இரண்டும் ஹைபிரிட், இரண்டுக்கும் காற்றைக் கிழித்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வேலை. ஒரே ஆற்றில் கிடக்கிற கூழாங்கல் ஒன்றைப் போல ஒன்று ஆகிவிடும்.

இதில் கோபத்துக்கு அழகு காரணமில்லை என்பது என் எண்ணம். 2025 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது விலை 61,79,800 யென். அமெரிக்காவில் 42,000 டாலர், 200 குதிரைத்திறன். இதே முகம் முப்பதாயிரம் டாலருக்குக் கீழே வந்திருந்தால் "பிரியஸ் மாதிரி" என்று சொன்ன வாய் "என்ன நேர்த்தி" என்று சொல்லியிருக்கும். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு கம்மி என்று யாரும் சொல்வதில்லை, காசு கொடுத்துச் சாப்பிட்ட ஓட்டலில்தான் சொல்கிறோம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. 2013 நவம்பரில் டோக்கியோவில் நிசான் ஐடிஎக்ஸ் என்று இரண்டு மாதிரி காட்டினார்கள். பழைய டாட்சன் 510இன் பெட்டி வடிவம். பார்த்தவர்கள் எல்லாம் கொண்டாடினார்கள், குறை சொன்னவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிசான் அதைச் செய்யவே இல்லை. இன்றைக்கும் அதன் படத்தைப் பகிர்ந்து பெருமூச்சு விடுகிறார்கள். செய்திருந்தால் 22 அங்குல விளக்கும், பம்பரும், சின்னச் சக்கரமும் வந்து அதுவும் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கும். வராத வண்டிக்கு ஒரு கீறல் கூடக் கிடையாது.

கேள்வி: எப்போதும் கம்பெனிக்காரனுக்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். வாழ்க்கையில் ஒரு கோடாவது நீங்கள் சொந்தமாக வரைந்திருக்கிறீர்களா?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: இல்லை. அடுத்தவர் வரைந்த கோட்டை மழுங்கடித்திருக்கிறேன், பதினொரு தடவை முயற்சி பண்ணின பிறகு.

கேள்வி: உங்களுக்கு ஒரு 86 சும்மா கொடுத்தால் என்ன கலர் கேட்பீர்கள்?
— எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: கண்ணு, தகட்டுக்காரனுக்கு வெள்ளைதான் பிடிக்க வேண்டும், குட்டு வெளியே தெரியாது. ஆனால் சும்மா கொடுத்தால், 2009 மாதிரியில் இருந்த அந்தச் சிவப்பு. ஷோஜோஹி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பழைய காலத்து ஜப்பானியப் போர்ப்பிரபுக்கள் மேலங்கிக்கு விரும்பிய செஞ்சாயத்தின் பெயர் அது. டொயோட்டா அதைக் கண்காட்சியில் விளக்கும்போது, ஜப்பானியக் குரங்கின் முகத்திலும் பின்புறத்திலும் இருக்கிற சிவப்பு என்று சொன்னது.

இரண்டு வருஷம் அந்த வண்டியின் அழகைப் பற்றி உலகமே அடித்துக்கொண்டதே, அந்தக் கலரைப் பற்றி ஒருத்தரும் குறை சொல்லவில்லை. உன் அண்ணன் யாராவது கார் பைத்தியமாக இருந்தால் இதை மட்டும் அவனிடம் சொல்லாதே.